மலையகத்துப் பாறையில் கார்னெட்: ஆழத்தையும் சூட்டையும் வாசிக்கப் பழகுவது எப்படி?

கண்டங்கள் மோதிய இடங்களில் பாறை நூறு கிலோமீற்றர் ஆழம் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்று எங்காவது படித்துவிட்டு வரும் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "நம்ம மலையில கிடக்கிற சிவப்புக் கல்லும் அப்படி வந்ததுதானா?" சுருக்கமான பதில், இல்லை. ஹட்டன் பக்கத்திலோ பண்டாரவளைப் பக்கத்திலோ வீதிக்காக வெட்டிய பாறையில் அந்தச் சிவப்புக் கனியம், கார்னெட், தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கார்னெட் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆழத்தைச் சொல்லிவிட முடியாது. அதன் பக்கத்தில் என்னென்ன கனியங்கள் இருக்கின்றன, அதைச் சுற்றி என்ன விளிம்பு ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். கண்ணாலும், ஒரு லென்ஸாலும், வீட்டுத் தராசாலும் அதை எவ்வளவு தூரம் வாசிக்கலாம் என்று இங்கே சொல்கிறேன்.

முதலில் எண்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு பாறை எவ்வளவு ஆழத்தில் உருமாறியது, அதாவது சூட்டாலும் அமுக்கத்தாலும் அதன் கனியங்கள் மாறின, என்பதை அமுக்கமாகச் சொல்வார்கள், அலகு கிலோபார். 10 கிலோபார் என்றால் ஏறத்தாழ 35 கிலோமீற்றர் ஆழம். இன்றைய சாதாரணக் கண்டத்து மேலோட்டின் தடிப்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆற்றங்கரையில் கிடக்கும் வெள்ளைப் படிகக்கல் இருக்கிறதே, குவார்ட்ஸ், அது 27 கிலோபார் அளவைத் தாண்டினால் உள்கட்டமைப்பை மாற்றிக்கொண்டு கோசைட் ஆகிவிடும். அது 90, 100 கிலோமீற்றர் ஆழம். 40 கிலோபாருக்குக் கிட்டப் போனால் காரீயம் (பென்சிலில் இருக்கிற கிராஃபைட்) வைரமாகும். கோசைட் எல்லையைத் தாண்டிய உருமாற்றத்தைத்தான் மீயுயர் அமுக்க உருமாற்றம் என்கிறார்கள்.

கண்டத்துப் பாறை இலேசானது, அவ்வளவு கீழே இறங்காது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1984இல் கிறிஸ்டியன் ஷொப்பான் மேற்கு அல்ப்ஸின் டோரா மைரா பகுதியில் கார்னெட்டுக்குள் கோசைட்டைக் கண்டார். அதே ஆண்டில் டேவிட் சிமித் நோர்வேயிலும் கண்டார். 1990இல் கசகஸ்தானின் கொக்செத்தாவ் பாறைகளில், மறுபடியும் கார்னெட்டுக்குள்தான், நுண்ணிய வைரம் இருப்பதை சொபொலெவும் ஷாட்ஸ்கியும் அறிவித்தார்கள். சீனாவின் டாபி–சுலு, லடாக்கின் சோ மொராரி என்று பட்டியல் அப்புறம் நீண்டுகொண்டே போனது.

இரண்டு கண்டங்களுக்கு நடுவில் இருந்த கடலடித் தகடு கீழே இறங்கும்போது, அதோடு ஒட்டியிருக்கிற கண்டத்து விளிம்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. பாரமான அந்தத் தகடு அறுந்து போனதும் இலேசான கண்டப்பாறை மேலே ஏறத் தொடங்கும். ஆழத்தில் மான்டிலோடு, அதாவது மேலோட்டுக்குக் கீழே இருக்கிற பாரமான பாறைப் படையோடு, ஒட்டிக் கிடந்த நேரத்தில் அதன் துண்டுகளும் கண்டப்பாறைக்குள் மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிடுகின்றன. மோதல் வலயங்களில் கிடைக்கும் கார்னெட் பெரிடோடைட்டுகளில், அதாவது கார்னெட் உள்ள மான்டில் பாறைகளில், பல இப்படி வந்தவைதான்.

அதன் சேர்க்கையை மனப்பாடம் பண்ணிவிடுங்கள்: ஒலிவின், இரண்டு வகை பைரொக்சீன் (ஓர்த்தோபைரொக்சீன், கிளினோபைரொக்சீன்), கார்னெட். குவார்ட்ஸ் கிடையாது, ஃபெல்ஸ்பாரும் கிடையாது. பச்சைப் பாறையில் ஊதா கலந்த சிவப்பு மணிகள். அந்த ஊதா குரோமியத்தால் வருவது. பெரிடோடைட்டில் அலுமினியம் எந்தக் கனியத்துக்குள் தங்குகிறது என்பதே ஆழத்துக்கு அடையாளம். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வரைக்கும் அது பிளாஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பாரில் இருக்கும்; அதற்குக் கீழே ஸ்பினலில்; 60 முதல் 80 கிலோமீற்றருக்குக் கீழே கார்னெட்டில். நோர்வேயின் ஓட்ரோய் தீவில் கிடைத்த பெரிடோடைட் 185 கிலோமீற்றரைத் தாண்டிய ஆழத்திலிருந்து வந்தது என்று 1998இல் வான் ரூர்முண்டும் ட்ரூரியும் காட்டினார்கள். அந்தக் கார்னெட்டுகளுக்குள் பைரொக்சீன் ஊசிகள் பிரிந்து கிடந்ததுதான் அவர்களுக்குச் சாட்சி. சுவிட்சர்லாந்தின் அல்ப்பே அராமி பாறைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் என்று 1996இல் ஒரு குழு சொன்னது. அதைப் பலர் ஏற்கவில்லை. ஆர்வக்கோளாறு பெரிய ஆய்வுகூடங்களிலும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம்.

இலங்கையின் நடுவில் கிடக்கும் உயர்நிலத் தொகுதிப் பாறைகள் கொண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், உருமாறியவை. அவற்றின் அமுக்கம் மேற்கிலும் தென்மேற்கிலும் 5, 6 கிலோபார், கிழக்கே போகப் போக 9, 10. வெப்பநிலை பெரும்பாலும் 700 முதல் 900 பாகை செல்சியஸ். சில இடங்கள் அதையும் தாண்டிவிட்டன. 2004இல் சஜீவும் ஒசனாயும் மத்திய மலைநாட்டுப் பாறைகளுக்கு 1150 பாகை, 12 கிலோபார் என்று கணித்தார்கள். மேலோட்டுப் பாறைக்கு 900 பாகையைத் தாண்டினாலே அதி உயர் வெப்ப உருமாற்றம் என்று பெயர். ஆகவே நம் மலை ஆழத்தில் நடுத்தரம், சூட்டில் உலகத்தின் முதல் வரிசை. கோசைட்டைத் தேடிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். சூட்டைத் தேடிப் போகிறவருக்கு ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது கிடைக்கும்.

ஒரே காலத்தில் நடந்த மோதல்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: மேற்கு ஆபிரிக்காவின் மாலியில் கூர்மா பகுதியில் கோசைட் கிடைத்திருக்கிறது, வயது ஏறத்தாழ 62 கோடி ஆண்டு. அதுவும் கொண்ட்வானா ஒன்றுசேர்ந்த கதையின் ஒரு பக்கம்தான். அங்கே மேலோடு குளிர்ச்சி குறையாமல் ஆழத்துக்குப் போய்த் திரும்பியது. இங்கே தடித்த மேலோடு நீண்ட காலம் வெந்தது. சூடேறிய பாறை இளகிவிடும், ஆழத்துக்கு இழுபட்டுப் போகிற விறைப்பு அதற்கு இருக்காது.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு நியோடிமியம் காந்தம் (பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கிடைக்கும்), ஒரு ஆணி, தண்ணீர்ப் போத்தல், விநாகிரி கொஞ்சம், பொலித்தீன் பைகள், மார்க்கர் பேனை, கொப்பி. சுத்தியல் கட்டாயமில்லை. கொண்டுபோனால் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பாறையில் தெறிக்கிற சில்லு கண்ணாடித் துண்டு மாதிரிக் கூரானது. மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம், அது உங்களுக்கே தெரியும்.

எங்கே போய் நிற்பது

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்கிற முதல் இடம் மலை உச்சி இல்லை, வீதி வேலைக்குக் கொட்டி வைத்த சல்லிக்கல் குவியல். யாரோ உடைத்துக் கொடுத்துவிட்டார்கள், முகமெல்லாம் புதிது, ஒரே இடத்தில் பல வகை. எந்தக் கல்குவாரியிலிருந்து வந்தது என்று லொறிக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். இல்லாவிட்டால் அந்தக் கல் வெறும் அழகுக் கல்தான்.

அடுத்தது வீதி வெட்டுகள். ஹட்டன் வழியாக நுவரெலியா போகிற ஏ-7 வீதியும், கம்பளை, இறம்பொடை வழியாக ஏறுகிற ஏ-5 வீதியும் உயர்நிலத் தொகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. கண்டி, பேராதனை, கடுகண்ணாவை பக்கத்தில் வேறொரு குடும்பம், கடுகண்ணாவைத் தொகுதி. அங்கே ஹோர்ன்பிளெண்ட் என்ற கறுப்புக் கனியம் கோடு போட்ட, நைஸ் (gneiss) எனப்படும் பட்டைப் பாறைகள் அதிகம், கார்னெட் குறைவு. கண்டியிலிருந்து தொடங்கி "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே ஏறட்டும்.

தோட்டத்துக்குள் போவதென்றால் துரையிடமோ கண்டக்டர் ஐயாவிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாணிக்கம் தோண்ட வந்த ஆள் என்று நினைத்துவிட்டால் பிறகு எவ்வளவு விளக்கினாலும் எடுபடாது. ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலைக் காடு மூன்றும் 2010இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இருப்பவை. அங்கே பார்ப்பதும் படம் எடுப்பதும் மட்டும். கல்லை எடுக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் கனியம் தோண்டவும் விற்கவும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் அதைக் கவனிக்கிறது. படிப்பதற்குக் கீழே விழுந்து கிடக்கும் கைப்பிடிக் கல் ஒன்று போதும்.

மழை பெய்த மறுநாள் வெட்டுச் சரிவுக்குக் கீழே நிற்காதீர்கள். இங்கே பாறை மேலே அழுகி மண்ணாகிக் கிடக்கும், அதற்குள் பழைய பட்டைகள் சரிவின் பக்கமே சாய்ந்திருக்கும். தண்ணீர் ஏறினால் அந்தப் பட்டை வழியாகவே வழுக்கும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்ட நாளில் வீட்டில் இருந்து பழைய கற்களைக் கழுவிப் பாருங்கள். ரயில் பாதை வெட்டுகளில் நல்ல பாறை தெரியும், உண்மைதான். ரயிலுக்குள் இருந்து பாருங்கள்.

கார்னெட்டுக்கு முன் பாறை

சிவப்பு மணி கண்ணில் பட்டவுடன் லென்ஸோடு அதன் மேல் பாய்ந்துவிடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். இரண்டு எட்டுப் பின்னால் வந்து, முதலில் முழுப் பாறையையும் பாருங்கள். மலையகத்தில் கார்னெட்டோடு நீங்கள் சந்திக்கப் போகிறவை பெரும்பாலும் மூன்று வகைதான்.

ஒன்று கொண்டலைட். வெளிமுகம் துருப்பிடித்த மஞ்சள், உடைத்த முகத்தில் வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவில் கார்னெட், நீளமான பளபளக்கும் சிலிமனைட் இழைகள், ஆங்காங்கே காரீயச் செதில். விரலால் தேய்த்தால் காரீயம் பென்சில் மாதிரி ஒட்டும். இது ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறு. இரண்டாவது சார்னோக்கைட். எண்ணெய் பூசியது போன்ற பச்சை கலந்த கருமை, பட்டை அவ்வளவு தெளிவாக இருக்காது. சென்னைப் பல்லாவரத்துக் கல்லைப் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுவிடுவார்கள். மூன்றாவது கறுப்பு கிரானுலைட்: பாரமானது, கறுப்பும் வெள்ளையும் சிறு மணிகளாகக் கலந்து, நடுவில் கார்னெட். நாம் தேடுகிற கதை அதிகம் எழுதப்பட்டிருப்பது இந்த மூன்றாவதில்தான். தென்னிந்தியாவிலும் மடகஸ்காரிலும் கிழக்கு அண்டார்டிக்காவிலும் இவற்றின் உறவுகள் உண்டு, எல்லாம் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை.

இது கார்னெட்தானா

உருண்டையான, அல்லது சாய்சதுர முகங்கள் பன்னிரண்டு கொண்ட மணி. ஆணியால் கீறினால் கீறல் விழாது. உடைந்தால் தட்டையாகப் பிளக்காமல் கண்ணாடி உடைவது போல உடையும். நம் மலையில் கிடைப்பவை பெரும்பாலும் இரும்பு மிகுந்த அல்மண்டைனும் மக்னீசியம் மிகுந்த பைரோப்பும் கலந்தவை. நிறம் பழுப்புச் சிவப்பிலிருந்து ஊதாச் சிவப்பு வரைக்கும் போகும்.

சந்தேகம் இருந்தால் காந்தம். ஒரு கிண்ணம் தண்ணீரில் சிறு ரிஜிபோம் துண்டை மிதக்க விட்டு, மணியை அதன் மேல் வையுங்கள். நியோடிமியம் காந்தத்தைத் தொடாமல் கிட்டக் கொண்டுபோனால், இரும்பு உள்ள கார்னெட் மெதுவாகக் காந்தத்தை நோக்கி நகர்ந்து வரும். ரூபி என்கிற சிவப்பு மாணிக்கத்தையும் ஸ்பினலையும் வைத்தால் இப்படி நகராது. பாய்ந்து வந்து ஒட்டினால் அதில் மக்னெடைட் என்ற இரும்புக் கனியம் கலந்திருக்கிறது என்று அர்த்தம், வேறு மணி எடுத்துப் பாருங்கள். ஓடைத் திருப்பத்திலும் தோட்டத்துக் கான்களிலும் மழைக்குப் பின் தங்குகிற கருஞ்சிவப்பு மணலை வைத்துப் பழகலாம். அதில் கார்னெட்டும் மக்னெடைட்டும் சேர்ந்தே கிடக்கும், காந்தம் இரண்டையும் வெவ்வேறு தூரத்தில் பிரித்துக் காட்டும்.

பக்கத்தில் யார் என்று பாருங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கல்லைத் தண்ணீரில் நனையுங்கள், நிறங்கள் பிரியும். கார்னெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொரு கனியத்தையும் கொப்பியில் எழுதுங்கள். "பாறையில் இருக்கிறது" என்பது வேறு, "தொட்டுக்கொண்டிருக்கிறது" என்பது வேறு. தொட்டுக்கொண்டிருப்பவைதான் ஒன்றோடொன்று வினைபுரிந்தவை.

கொண்டலைட்டில் கார்னெட்டோடு சிலிமனைட்டும் வெளிர் ஃபெல்ஸ்பாரும் இருக்கின்றன, வெள்ளை மைக்கா தேடியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் உள்ள பாறையில் வெள்ளை மைக்கா 700 பாகை அளவிலேயே சிதைந்துவிடும். கறுப்பு மைக்கா இன்னும் சற்றுத் தாங்கும். அதுவும் சிலிமனைட்டும் குவார்ட்ஸும் 800 பாகைக்குக் கிட்ட வினைபுரிந்து கார்னெட்டையும் ஃபெல்ஸ்பாரையும் உருகிய குழம்பையும் தரும். ஆகவே வெள்ளைப் பட்டைக்குள் பெரிய பெரிய கார்னெட்டுகள் வரிசையாகக் கிடந்தால், அந்தப் பட்டை ஒரு காலத்தில் உருகி ஓடியது, கார்னெட் அந்த உருகலோடு பிறந்தது. கறுப்பு மைக்கா அநேகமாக இல்லாமலே போயிருந்தால் சூடு இன்னும் அதிகம். வெப்பமானி இல்லாமல் 800 பாகையைக் கையில் பிடித்துவிட்டீர்கள்.

சில இடங்களில் கடும் நீல நிறச் சிறு மணி தெரியலாம். அது சஃபிரின் ஆக இருக்கலாம், குவார்ட்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தால் 900 பாகையைத் தாண்டியதற்கான அடையாளங்களில் ஒன்று. நீலக்கல் என்று துள்ள வேண்டாம். இதைக் கண்ணால் உறுதி செய்ய முடியாது, படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கறுப்பு கிரானுலைட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: வெள்ளை ஃபெல்ஸ்பார் இருக்கிறதா, இல்லையா? கார்னெட்டும் பச்சைக் கறுப்புப் பைரொக்சீனும் மட்டும் இருந்து ஃபெல்ஸ்பார் அறவே இல்லாவிட்டால்தான் அது எக்லோகைட், அதாவது மீயுயர் அமுக்க வலயங்களில் கோசைட்டோடு கிடைக்கிற பாறை. பிளாஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார் அமுக்கம் ஏறினால் நிலைத்திருக்காது. நம் கற்களில் அது இருக்கும். கார்னெட்டைப் பார்த்தவுடன் எக்லோகைட் என்று பெயர் வைத்து படம் போடுகிறவர்கள் கல்லைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளை மணிகள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும்.

கார்னெட்டின் கழுத்துப்பட்டி

கறுப்பு கிரானுலைட்டின் புதிய முகம் ஒன்றை நனைத்து வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லைக் கிட்டக் கொண்டுவாருங்கள். சில கார்னெட்டுகளைச் சுற்றி ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் வெளிறிய வளையம் தெரியும். அது தூய வெள்ளையாக இருக்காது. உற்றுப் பார்த்தால் வெள்ளைக்குள் மிகச் சிறிய பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் கார்னெட்டிலிருந்து வெளியே விரிந்து போவது போல இருக்கும். வெள்ளை பிளாஜியோகிளேஸ், பழுப்பு ஓர்த்தோபைரொக்சீன். வளையம் தடித்த இடத்தில் கார்னெட்டின் ஓரம் அரிக்கப்பட்டுக் கோணலாக இருக்கும். சில இடங்களில் கார்னெட் முழுதாகக் கரைந்து, அதன் வடிவத்தில் இந்தக் கலவை மட்டும் மிஞ்சியிருக்கும்.

கார்னெட்டும் கிளினோபைரொக்சீனும் குவார்ட்ஸும் சேர்ந்து இந்த இரண்டாக மாறியிருக்கின்றன. பாறை இன்னும் சூடாக இருக்கும்போதே அமுக்கம் குறைந்தால்தான் இது நடக்கும். அதாவது மேலே இருந்த மலை தேய்ந்து, ஆழத்துப் பாறை ஏறி வந்திருக்கிறது. ஏறிய வேகத்துக்கு வினை முடிந்துபோக நேரம் கிடைக்காததால்தான் பாதிக் கார்னெட் மிஞ்சியது.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. கறுப்புப் பைரொக்சீனும் வெள்ளை ஃபெல்ஸ்பாரும் சந்திக்கிற எல்லையில் மெல்லிய சிவப்பு மணிச்சரம். அங்கே கார்னெட் புதிதாகப் பிறந்திருக்கிறது: பாறை ஆழத்திலேயே தங்கிக் குளிர்ந்தபோது வருவது இது. மலையகத்துப் பாறைகளில் இரண்டும் பதிவாகியிருக்கின்றன. ஒரே கல்லில் இரண்டும் இருந்தால், எது எதை மூடுகிறது என்று பாருங்கள். மூடியிருப்பது பிந்தியது.

கார்னெட் பெரிடோடைட்டிலும் இதே தர்க்கம்தான், பாத்திரங்கள் மட்டும் வேறு. அங்கே கார்னெட்டும் ஒலிவினும் வினைபுரிந்து பைரொக்சீனும் ஸ்பினலும் கலந்த, நார் நாரான இருண்ட வளையம் உருவாகும். அதற்குக் கெலிஃபைட் என்று பெயர். ஃபெல்ஸ்பார் வளையம் மேலோட்டுக்குள்ளேயே நடந்த ஏற்றத்தைச் சொல்கிறது; கெலிஃபைட் கார்னெட்டின் ஆழத்திலிருந்து ஸ்பினலின் ஆழத்துக்கு வந்த ஏற்றத்தைச் சொல்கிறது. நோர்வே அல்லது சீனப் பாறைகளின் படங்களை இணையத்தில் பார்க்கும்போது முதலில் வளையத்தின் நிறத்தைப் பாருங்கள்.

கோசைட்டின் தடயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோசைட்டின் அடர்த்தி 2.92, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. மேலே வரும்போது கோசைட் குவார்ட்ஸாக மாறினால் பருமன் பத்து வீதம் பெருக்கும். கார்னெட்டுக்குள் அடைபட்டிருக்கும் மணி அப்படிப் பெருத்தால் சுற்றியுள்ள கார்னெட் நாலா பக்கமும் வெடிக்கும். ஆனால் கார்னெட்டில் வெடிப்பு என்றாலே கோசைட் இல்லை. நம் கார்னெட்டுகள் வேறு காரணங்களாலும் நிறையவே வெடித்திருக்கின்றன. மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியில் பார்த்து, ராமன் நிறமாலையால் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கனியத்தை அடையாளம் காணும் முறை) உறுதி செய்யாமல் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது.

பச்சையும் சிவப்பும் ஏமாற்றும் இடம்

பளிங்குக் கல் பக்கத்தில் அதிகம் கவனமாக இருங்கள். திகனை, மாத்தளைப் பக்கங்களில் சுண்ணாம்புக்கும் டொலமைட்டுக்கும் வெட்டுகிற வெள்ளைப் பாறை இருக்கிறது. அதற்குள் வெளிர்ப் பச்சை மணிகளாக ஒலிவின் இருக்கும், சில நேரம் அது தண்ணீரை உள்வாங்கி, பாம்புத்தோல் நிறத்தில் சேர்பென்டைன் என்ற கனியம் ஆகியிருக்கும். பளிங்கின் ஓரத்தில் டயொப்சைட் என்ற பச்சைப் பைரொக்சீனும் பழுப்புச் சிவப்புக் கார்னெட்டும் சேர்ந்த பட்டைகளும் வரும். பார்க்கிறவருக்கு "பச்சைக்குள் சிவப்பு, ஒலிவினும் இருக்கிறது, பெரிடோடைட்தான்!" என்று தோன்றும். இல்லை. சுண்ணாம்புப் பாறையும் பக்கத்துப் பாறையும் சூட்டில் பொருள் பரிமாறிக்கொண்டதில் வந்தவை இவை. ஆழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிரித்தறிய: சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியை ஆணியால் கீறுங்கள். எளிதாகக் கீறினால் பளிங்கு. கீறி வந்த தூளில் விநாகிரி விட்டால் குமிழி வரும். டொலமைட் என்றால் மிக மெதுவாக, லென்ஸால் பார்த்தால்தான் தெரியும். மக்கள் வழக்கமாகக் கல்லின் மேலேயே விட்டுவிட்டு "குமிழி வரவில்லை" என்று விட்டுவிடுவார்கள், தூளில் விடுங்கள்.

மற்றபடி இந்த எல்லைப் பட்டைகளைக் குறைவாக எண்ணவும் வேண்டாம். கலை வரலாற்றுக்காக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர். கண்டிப் பக்கத்தில் இப்படிப்பட்ட சுண்ணாம்புப் பாறை விளிம்பு ஒன்றில் கிடைத்த நீலக் கனியத்தை அவரும் கனியவியலாளர் பிரையரும் சேர்ந்து 1903இல் விவரித்து சேரண்டிபைட் என்று பெயர் வைத்தார்கள்.

உண்மையிலேயே மான்டில் சாயல் உள்ள பாறை இலங்கையில் பார்க்க வேண்டும் என்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். உஸ்ஸங்கொடையிலும் இந்திகொலபெலஸ்ஸையிலும் சேர்பென்டைன் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. உயர்நிலத் தொகுதியும் கிழக்கின் விஜயன் தொகுதியும் சந்திக்கிற எல்லையை ஒட்டியவை அவை. நிக்கல் மிகுந்த சிவப்பு மண், குட்டையான செடிகள். உஸ்ஸங்கொடை தேசியப் பூங்கா, அங்கேயும் கல் எடுக்க வேண்டாம். இரண்டு தொகுதிகள் ஒட்டிய தையல் ஓரத்தில் இவை இருப்பது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம்.

தராசில் நிறுத்துப் பாருங்கள்

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது. கிராம் காட்டுகிற சமையலறைத் தராசு போதும். காய்ந்த கல்லை நிறுங்கள். அப்புறம் தண்ணீர் உள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து, அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையும் ஓரத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். தராசு இப்போது காட்டுகிற கிராம்தான் கல்லின் பருமன், கன சென்ரிமீற்றரில். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 420 கிராம் கல், தண்ணீருக்குள் 136 காட்டினால், 3.09.

சார்னோக்கைட் 2.7, 2.8 அளவில் நிற்கும். கார்னெட் நிறைந்த கறுப்பு கிரானுலைட் 3.0 முதல் 3.2. பழுதுபடாத பெரிடோடைட் 3.3. எக்லோகைட் பெரும்பாலும் 3.4க்கு மேல். சேர்பென்டைன் ஆகிவிட்ட பெரிடோடைட் மட்டும் தண்ணீரை உள்வாங்கி 2.6 அளவுக்கு இறங்கிவிடும், அதனால் இலேசாக இருக்கிறது என்று அதைத் தள்ளிவிட முடியாது. உளுத்த கல்லை நிறுக்காதீர்கள், ஓட்டைக்குள் காற்று இருந்தால் எண் பொய் சொல்லும். கட்டைவிரல் நகம் அளவுச் சில்லையும் நிறுக்க வேண்டாம், வீட்டுத் தராசுக்கு அந்த நுணுக்கம் கிடையாது.

குறித்து வைப்பதும் அடுத்த கட்டமும்

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு இலக்கம். கல்லிலேயே மார்க்கரால் எழுதுங்கள், பையில் எழுதினால் பை மாறிவிடும். கொப்பியில் அதே இலக்கத்துக்கு எதிரே: இடம், போனில் எடுத்த ஆள்கூறு, பாறையிலிருந்து எடுத்ததா கீழே கிடந்ததா, பட்டை எந்தத் திசைக்குச் சாய்ந்திருக்கிறது, கார்னெட்டைத் தொடும் கனியங்கள், வளையம் உண்டா, அடர்த்தி. படம் எடுக்கும்போது ஒரு ரூபாய்க் குற்றியைப் பக்கத்தில் வையுங்கள்.

புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் 1:100,000 அளவில் புவிச்சரிதவியல் வரைபடத் தாள்களை வெளியிட்டிருக்கிறது. உங்கள் பகுதித் தாளை வாங்கி, நீங்கள் குறித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாத இடங்கள் வரும். பெரும்பாலும் நீங்கள் கீழே விழுந்து கிடந்த கல்லை எடுத்திருப்பீர்கள், அதனால்தான் அந்தக் கேள்வியைக் கொப்பியில் எழுதச் சொன்னேன்.

வளையம் தெளிவாக உள்ள கல் ஒன்று கிடைத்தால், அதை மெல்லிய சீவலாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது அடுத்த படி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. போகும்போது கல்லை மட்டும் கொண்டுபோய் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். கொப்பியையும் கொண்டுபோய், "கார்னெட்டைச் சுற்றி இந்த வளையம் பிளாஜியோகிளேஸும் ஓர்த்தோபைரொக்சீனுமா?" என்று கேளுங்கள். எடுத்த இடத்தையும் அடர்த்தியையும் கூடவே சொல்லுங்கள். சீவலை எந்தப் பக்கமாக வெட்டுவது என்பதை முடிவு செய்ய, கல்லில் வளையம் இருக்கிற முகத்தை மார்க்கரால் வட்டமிட்டுக் கொடுங்கள்.